கம்பியா, குழாயா? உழவு இயந்திர வெப்பநிலைமானியின் உறுப்புப் பெயர்கள்

கலைச்சொல்லாக்கம் பற்றித் தமிழில் நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் வகுப்பறை விஞ்ஞானத்தையே சுற்றி வந்தவை. வடசொல்லா தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்ற வினாக்களோடு அவை அமைந்துவிடும். சொல் பிழைத்தால் பொருளும் பழுதாகும் என்ற நிலை அங்கே எழுவதில்லை, பட்டறையில் எழுகின்றது.

இலங்கை வயல்களில் நெடுங்காலம் உழைத்த மசி பேர்குசன் 35, 135 ஆகிய உழவு இயந்திரங்களின் வெப்பநிலைமானியை நோக்குக. எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீரில் ஒரு சிறிய உலோக முனை அமிழ்ந்திருக்கும். அதனுள் ஈதர் போன்று எளிதில் ஆவியாகும் திரவம் உண்டு. நீர் சூடேற ஆவியமுக்கம் உயரும். அவ்வமுக்கம் மெல்லிய உலோகக் குழாய் வழியே மானிக்குட் சென்று, அங்கு வளைந்திருக்கும் போர்டன் குழாயைச் சிறிது நிமிர்த்தும். அந்த அசைவைப் பற்சில்லு பெருக்க, முள் திரும்பும். முனையும் குழாயும் மானியும் முத்திரையிடப்பட்ட ஒரே உறுப்பு. மின்சாரத்துக்கு இங்கே வேலையில்லை.

ஆயினும் பட்டறை வழக்கில் அம்மெல்லிய குழாய் 'கம்பி' எனப்படுகின்றது. தோற்றத்தில் அது கம்பியே. ஆனால் கம்பி என்ற சொல் கையாள்வோனுக்கு ஓர் உரிமையை வழங்கிவிடுகின்றது: நீண்டிருந்தால் வெட்டலாம், அறுந்தால் முறுக்கி இணைக்கலாம். குழாயை வெட்டிய கணமே ஆவி வெளியேறிவிடும்; சாதாரணப் பட்டறையில் அதனை மீட்பது அரிது. முள் குளிர்ந்த பக்கத்திலேயே கிடக்கும். முள் ஏறவில்லை, ஆகவே எஞ்சின் சூடேறவில்லை என்று சாரதி நம்பி உழுதுகொண்டிருப்பான். சிலிண்டர்த் தலை வளைந்து, காஸ்கற் எரிந்த பின்னரே உண்மை புலப்படும். ஒரு பெயர்ச்சொல்லின் விலை இது.

பாடநூல் வழங்கும் 'மயிர்த்துளைக் குழாய்' இவ்விடத்திற் பொருட்செறிவுடையது. துளை உண்டென்பதைச் சொல்லே உணர்த்துகின்றது. நீளமானதென்று குறை கூறுவோர் 'மயிர்க்குழாய்' எனச் சுருக்கலாம். (முதற்பாதியைக் கேட்டு முகஞ்சுளிப்போரைத் திருப்திப்படுத்தத் துளையை இழக்கத் தேவையில்லை.)

பாடநூற் சொற்கள் யாவும் இத்தகையன அல்ல. 'குமிழ்' என்பதே சான்று. ஆய்வுகூட வெப்பமானியில் உருண்ட கண்ணாடி நுனிக்கு அது பொருந்தும். இங்குள்ளதோ விரல்நுனி போன்று நீண்ட உலோகம். மேலும் மானியின் முகத்தை ஒளிர்விக்கும் மின்குமிழும் அதே பலகையில் உண்டு. 'குமிழ் பழுது' என்று எழுதிய சீட்டைப் பெறும் உதிரிப்பாகக் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? 'உணர்முனை' என்பதே தெளிவானது.

முழுக் கருவிக்கும் 'வெப்பமானி' என்ற பெயர் வழங்குவதும் ஆராயத்தக்கது. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று மாணவனுக்குக் கற்பித்துவிட்டுக் கருவிக்கு மாத்திரம் அவ்வேறுபாட்டை மறப்பது முறையன்று. வழக்கில் ஊன்றிய சொல்லைப் பெயர்க்க முடியாதென்பது வலுவான எதிர்வாதமே. எனினும் புதிதாக எழுதப்படும் கைந்நூல்களில் 'வெப்பநிலைமானி' என்று எழுதுவதற்குத் தடையில்லை. 'தேர்மோஸ்ரற்' என்பதையும் இதையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கமும் அதனாற் குறையும். முன்னது நீரோட்டத்தைத் திறந்தடைக்கும் வாயில். பின்னது அறிவிப்பது மட்டுமே.

பிற்கால இயந்திரங்கள் பலவற்றில் மின்வகை மானி வந்தது. அதில் நீருட் பொருந்தும் உறுப்பு, வெப்பநிலைக்கேற்பத் தன் மின்தடையை மாற்றும். அங்கிருந்து மானிக்குச் செல்வது மெய்யாகவே கம்பி, அறுந்தால் இணைக்கலாம். 'கம்பி' என்ற சொல்லை அதற்கென ஒதுக்கிவைத்தால், பலகையைக் கழற்றுமுன்னரே எவ்வகை மானி என்பது உரையாடலில் வெளிப்பட்டுவிடும்.

'முள்' மட்டும் எவ்வகையிலும் மாற்றப்பட வேண்டியதில்லை. பட்டறையிலும் பாடநூலிலும் அது ஒன்றையே குறிக்கின்றது.