செங்கிடாரியின் சாம்பல்

யூதர் வேதத்துள் எண்ணாகமத்தின் 19-ஆம் அதிகாரம், பிணத்தைத் தீண்டியார்க்கு எய்துந் தீட்டும் அதனை நீக்கும் முறையுங் கூறுகின்றது. நம்மவருள் வாதம் விரும்புவார் சிலர் இதனை எடுத்துக்காட்டி, 'திருநீற்றை இகழும் பாதிரிமார் வேதத்திலேயே சாம்பல் சுத்திசெய்தல் காண்மின்' என்று வெற்றி பேசுவர். அதிகாரம் முழுதும் படித்தார் அங்ஙனம் பேசத் துணியார்.

பழுதற்றதும் நுகம் பூணாததுமாகிய செந்நிறக் கிடாரியைப் பாளயத்துக்குப் புறம்பே கொன்று, அதன் உதிரத்தை ஆசரிப்புக் கூடாரத்துக்கு நேராக ஏழுமுறை தெளித்து, தோலும் ஊனுஞ் சாணமும் உட்பட எரித்தல் வேண்டும். கேதுருக்கட்டை, ஈசோப்பு, சிவப்புநூல் என்பனவும் அத்தீயில் இடப்படும். அச்சாம்பல் கலந்த ஊற்றுநீரை மூன்றாம் நாளும் ஏழாம் நாளுந் தெளிப்பின் தீட்டு நீங்கும். மிசுனாவில் இதற்கெனவே 'பாரா' என ஒரு நூற்பகுதி உண்டு. ஒரே மயிர்த்துளையில் வேற்றுநிற மயிர் இரண்டு காணினும் அக்கிடாரி ஆகாதென்பது அதன் கண்டிப்பு.

வியப்பு இதன்மேலது. எரித்தோனும் சாம்பலை வாரினோனும் அந்நீரைத் தொட்டோனும் சாயங்காலமட்டுந் தீட்டுடையர். தீட்டுடையானைத் தூயனாக்கும் பொருளே தூயாரைத் தீட்டாக்குகின்றது! யூத ஆசிரியர் இம்முரணை மறைத்திலர். முதல் நூற்றாண்டினராகிய யோகனான் பென் சக்காய் என்பாரைப் புறச்சமயத்தான் ஒருவன் இதுபற்றி வினாவ, அவர் பேயோட்டுதலை உவமை காட்டி அனுப்பினார் என்ப. மாணாக்கர் விட்டாரல்லர், எமக்கு என்ன விடை என்றனர். பிணம் தீட்டாக்குவதுமன்று, நீர் தூய்தாக்குவதுமன்று, அரசன் கட்டளை இது என்றார் அவர். இங்ஙனம் உண்மை சொல்லிய ஆசிரியரை யாம் மதிக்கின்றோம். 12-ஆம் நூற்றாண்டிலிருந்த மைமோனிதேசும், தீட்டென்பது நீராற் போகும் சேறன்று, உள்ளக் கருத்தைச் சார்ந்தது என்றே எழுதினார்.

இது நம் கொள்கையே எனச் சித்தாந்தம் வல்லார் மயங்கற்க. அவர்க்குத் தீட்டு கட்டளையால் உளதாவது. நமக்கோ மலம் அநாதியே உயிரைப் பற்றிய உள்பொருள். அதன் சத்தி அடங்குதல் தீக்கையானும் திருவருளானுமாம். அன்றியும், திருநீறு ஆன் உயிரோடிருக்க அதன் சாணத்தினின்று ஆவது. அதனை ஆக்குவோர்க்குத் தீட்டென்பதும் இல்லை. ஆகலின் இரண்டையும் ஒருங்கு வைத்தல் நீற்றுக்குப் பெருமையாகாது. நாவலரவர்கள் 1854-இல் சைவதூஷணபரிகாரத்தில் யூதர் கிரியைகளை எடுத்தாண்டமை தூஷித்தாரை மறுத்தற்பொருட்டேயாம். மேலும், நம் சிற்றூர்க் கோயில்களிற் கிடாவெட்டு இன்னும் ஒழிந்திலதாக, பிறர் பலியை எள்ளும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

கி. பி. 70-இல் எருசலேம் ஆலயம் உரோமரால் அழிவுற்றபின் பலிகள் நின்றன. பாவநிவிர்த்திக்கு இடம் போயிற்றே என்று புலம்பிய தம் மாணாக்கர் யோசுவாவிடம், அதற்கு ஒப்பானது ஒன்று நமக்குண்டு, அஃது அன்புச்செயலே என்று அந்த யோகனானே தேற்றினார். 2022-இல் அமெரிக்காவின் தெக்சாசிலிருந்து ஐந்து செங்கிடாரிகளை இசுரேலுக்குக் கொணர்ந்தார் இவ்விரு விடைகளையும் அறியாதாரல்லர். அறிந்தும் முன்னதையே பற்றினர்.