கனடிய இலக்கியம் கற்பிக்கும் முறை

ஒரு நாட்டின் இலக்கியம் அந்நாட்டு மாணவர்க்கே சுவையற்றுப் போதல் எங்ஙனம்? கனடாவின் உயர்நிலைப் பள்ளிகளைக் குறித்து எழும் இவ்வினாவிற்கு, குறை நூல்களில் இல்லை, கற்பிக்கும் முறையிலேயே உள்ளது என்பது எம் துணிபு. அதனை மூன்று சிறுகதைகள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நார்த்ராப் பிரை, 1965-இல் வெளிவந்த கனடிய இலக்கிய வரலாற்றின் முடிவுரையில், இயற்கைக்கு அஞ்சி அரணுக்குள் ஒடுங்கும் மனப்பான்மையைச் சுட்டினார். மார்கரெட் அட்வுட், 1972-இல் எழுதிய திறனாய்வு நூலில், அழிவினின்று உயிர்தப்புதலே கனடிய இலக்கியத்தின் மையப்பொருள் என்றார். தமக்கெனத் தனி இலக்கியம் உண்டோ எனப் பலர் ஐயுற்ற காலத்தில் இவை ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும், இத்தகைய பொதுக்கருத்து வகுப்பறையிற் கதைக்கு முன்னே வந்து நின்றால், மாணவன் கதையைப் படிப்பதில்லை. முன்னரே கூறப்பட்ட விடைக்குச் சான்று தேடுகின்றான். கருப்பொருளை ஒட்டிய திறனாய்வு படைப்பின் மொழியையும் வடிவையும் புறக்கணிக்கும் எனப் பிராங்க் டேவி 1976-இல் கண்டித்ததும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஆலிஸ் மன்றோவின் ‘சிறுவரும் சிறுமியரும்’ 1968-இல் அவர்தம் முதற்றொகுதியில் இடம்பெற்றது. நரி வளர்க்கும் தந்தையின் மகள், கொல்லப்படவிருந்த குதிரை தப்பியோடுங்கால், வாயிலை அடைக்காது அகலத் திறந்துவிடுகின்றாள். செய்தியறிந்த தந்தை சினந்திலர். அவள் பெண் என்பதையே காரணமாக்கி விட்டுவிடுகின்றார். தண்டனையினும் அம்மன்னிப்பே கொடிது. ‘பெண்ணின் நிலை’ என்னும் தலைப்பை முதலில் எழுதிவிடும் ஆசிரியர் இவ்வதிர்ச்சியை மாணவரிடமிருந்து பறித்துவிடுகின்றார். வாயிலருகே வாசிப்பை நிறுத்தி, அவள் ஏன் அடைத்திலள் என வினவும் ஆசிரியரோ வகுப்பையே விவாதக்களமாக்குவார்.

ரோக் காரியேவின் ‘ஆக்கிச் சட்டை’ 1979-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. மாண்ட்ரியால் அணியின் மோரிசு ரிச்சர்டைப் போற்றும் கியூபெக் சிறுவனுக்கு, ஈட்டன் கடையிலிருந்து டொராண்டோ அணியின் சட்டை வந்துவிடுகின்றது. நகைச்சுவையாய்த் தொடங்கும் இக்கதையிற் கடைப்படிவம் ஆங்கிலத்தில் இருத்தலை மாணவரே கண்டு வினவுவர். இரு மொழியினரின் வரலாறு அவ்வினாவிற்கு விடையாக நுழைதல் வேண்டும், முன்னுரையாக அன்று.

தாமசு கிங்கின் ‘எல்லைகள்’ 1993-இல் வெளிவந்த தொகுதியில் உள்ளது. எக்குடியினர் எனச் சுங்கச்சாவடியில் வினவப்பட்ட தாய், தாம் பிளாக்ஃபுட் இனத்தவர் என்றே விடையிறுக்கின்றார். இரு நாடும் ஏற்காமையின், தாயும் மகனும் இடைநிலத்தில், மகிழுந்திலேயே இரவைக் கழிக்கின்றனர். நிகழ்வதைக் கூறுபவன் அம்மகனே. ஆதலின் மாணவர் தம் வயதையொட்டிய ஒருவனின் குரலைக் கேட்கின்றனர். பிரிட்டனும் அமெரிக்காவும் 1818-இல் உடன்பட்ட எல்லைக்கோடு அம்மக்களின் நிலத்தையே ஊடறுத்தது என்னும் செய்தி, கதைக்குப்பின் கூறப்படின் நெஞ்சில் தைக்கும்.

இம்முறையால் வரலாறும் பொதுநோக்கும் புறக்கணிக்கப்படும் என்பாரும் உளர். அற்றன்று, அவை இடம் மாறுகின்றன, அவ்வளவே. வாயில், சட்டை, சாவடி ஆகிய கண்கண்ட பொருள்களே மூன்று கதைகளிலும் கருத்தைத் தாங்கி நிற்கின்றன. தமிழ்மரபிற் கூறின், கருப்பொருள்வழி உரிப்பொருளை அடைதல் போன்றது இது. பிரையும் அட்வுட்டும் கூறியன ஏற்புடையனவோ என்பதையும் மாணவரே இறுதியில் ஆராயட்டும். விடையைக் கையிற் கொடுத்துவிட்டு ஆர்வமில்லை என்று அவரைக் குறைகூறுதல் முறையன்று.