ஒரே காற்று, நாலு கரை

ஆனி, ஆடியில் சிவகிரியில் கதவு ஜன்னலைத் திறந்து வைக்க விடாத காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே வருவது. மழையின் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்து, புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களை உலுக்கிக்கொண்டு தூத்துக்குடிக் கடலில் இறங்குகிறது. அங்கேயும் நிற்பதில்லை. மன்னார் வளைகுடாவைக் கடந்து கற்பிட்டியில் கரையேறி, வன்னிக் காடுகளைத் தாண்டி, முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் மறுபடி கடலுக்குள் போகிறது. இரு நாட்டு மீனவரும் மேல்காற்றைக் கச்சான் என்றே சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தெற்கிலிருந்து சாய்ந்து வந்தால் அது சோளகம்.

கரையில் நின்று மீன் பிடிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறதா, கடலிலிருந்து தரைக்கு வருகிறதா என்பதைத்தான். ஆடி மாதத்தில் குளச்சலிலும் முட்டத்திலும் அது நேரே கரையில் மோதும். அலை வீடு உயரம் எழும். தூத்துக்குடியில் அதே காற்று கரையோர நீரை அமுக்கி வைக்கும், ஆனால் சற்றே உள்ளே போனால் கடல் கொந்தளித்துக் கிடக்கும். கற்பிட்டியில் மறுபடி மோதல், முல்லைத்தீவில் மறுபடி அமைதி. வாடைக்காற்று வந்ததும் எல்லாம் தலைகீழாகும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கச்சான் காலத்தில் கிழக்குக் கரைக்குப் போய் வாடி அமைத்துத் தங்கி, வாடை பிறக்கும்போது வீடு திரும்புவது நெடுங்கால வழக்கம். இலங்கை உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் அந்த வழக்கமே உள்ளூர்த் தமிழ் மீனவரோடு உரிமைத் தகராறாகவும் ஆகிவிட்டது.

காற்றுக்கு அடுத்தது அலை. இந்த நாலு கரையிலும் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் கடிகாரத்தை விட, அலை எங்கே உடைகிறது என்பதே பெரிய சேதி. நாலடி அலை சுமார் ஐந்தடி ஆழத்துக்கு வந்ததும் உடையும். கரையிலிருந்து தள்ளி ஓரிடத்தில் வெள்ளையாக உடைந்தால் அடியில் மணல்திட்டு. அங்கே உடைந்தது அடங்கி, கரையோரம் வந்து மறுபடி உடைந்தால் இரண்டுக்கும் நடுவே பள்ளம். கிழங்கான் மேய்வது அந்தப் பள்ளத்தில். திட்டைத் தாண்டி வந்து குவிந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். திட்டு அறுந்த இடத்தில் பாய்ந்து வெளியேறும். அங்கே அலை உடையாது. நீர் கறுத்தோ, மணல் கலங்கியோ தெரியும், நுரை கடலை நோக்கி நகரும். பாரை அதன் ஓரத்தில் இரைக்குக் காத்திருக்கும். தூண்டில்காரர் தேடி நடப்பது இந்த வாயைத்தான்.

இரு நாட்டுக்கும் வித்தியாசம் அவர் நடக்கிறார் என்பதில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. மணப்பாடு, உவரி மணலில் தூண்டில்காரருக்கு இடம்தான் கேள்வி: நேற்றைய பள்ளம் இன்று எங்கே நகர்ந்திருக்கிறது? இலங்கையில் இடம் பெரும்பாலும் முன்பே முடிவானது. கொக்கல, அகங்கம, வெலிகம கரைகளில் நீருக்குள் கம்பு நட்டு, குறுக்குக் கட்டையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுவந்தார்கள். அடியில் பாறையும் மீன் வரும் தடமும் தெரிந்து நட்ட கம்பு அது. கரைவலைக்கும் ‘பாடு’ என்று ஒதுக்கிய கடற்கரைத் துண்டு உண்டு. அங்கே பார்வை முழுவதும் நேரத்தின் மேல் நிற்கிறது. மீன்கூட்டம் வந்தால் நீரின் நிறம் மாறும், மேற்பரப்பு சிலிர்க்கும், ஆலாக்கள் விழுந்து எழும். இரு நாட்டிலும் கண் ஒன்றுதான்.

அந்தக் கண்ணுக்கும் கட்டுப்பாடு உண்டு. தெற்கு இலங்கையின் மாவெல்ல கரையில் 1971 வாக்கில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பால் அலெக்சாண்டர், ஒரே கடற்கரைக்கு ஏராளமான வலைகள் இருந்ததை எழுதியிருக்கிறார். வரிசைப்படி முறை வந்தால்தான் வலை இறங்கும். மீன் நிற்பதைத் தெளிவாகக் காண்கிறவரும் முறை இல்லாத நாளில் கரையில் நிற்க வேண்டியதுதான். நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். நல்ல கண் படைத்தவர் மட்டும் பிழைக்கும் ஊர் நீடிக்காது.

கைகளும் நீரைப் படிக்கும். கரைவலையின் இரு கயிறுகளையும் இழுக்கிறவர்களுக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது, வலை எங்கே பாறையில் சிக்குகிறது என்பது உள்ளங்கையில் தெரியும். அதற்கேற்பக் கரையோடு நகர்ந்துகொண்டே இழுப்பார்கள். கன்னியாகுமரிக் கரமடியில் இது இன்னும் பார்க்கக் கிடைக்கிறது. இலங்கையில் டிராக்டரில் வின்ச் பொருத்தி இழுப்பது பரவி, அரசு தடுத்து, ஆள் கிடைக்கவில்லையே என்று மீனவர் போராடினார்கள். அவர்கள் சொல்லும் கஷ்டம் உண்மை. ஆனால் அடியில் வலை எதை வாரி வருகிறது என்பதை வின்ச் உணராது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருச்செந்தூருக்கோ கன்னியாகுமரிக்கோ போகிறவர்கள், அலை உடையாத இடம் பார்த்துப் பிள்ளைகளை இறக்குகிறார்கள். குளத்தில் குளித்துப் பழகிய கண்ணுக்கு அது பாதுகாப்பாகத் தெரியும். பாரை காத்திருக்கும் அதே வாய் அது. ஆளை உள்ளே இழுக்கும். சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகினால் மீளலாம். கள்ளக்கடல் நாளில் காற்றைப் பார்த்தும் பயனில்லை. வெகுதொலைவில் தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே இலை அசையாத நாளிலும் கரையில் ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது அப்படிப்பட்ட கடலில்தான். ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்; போனபின், வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் எங்கே இறங்கலாம் என்று கேட்டுவிட்டுக் காலை நனையுங்கள்.