கான்யாற்று நீத்தமும் தோழியின் கருத்தும்

அகநானூற்று 18ஆம் பாட்டு கபிலர் பாடிய குறிஞ்சித் திணைப் பாட்டு. இரவில் வரும் தலைவனைப் பகலில் வருமாறு தோழி கூறுதல் அதன் துறை. துறைக்குறிப்போடு அமைந்துவிடாது, பாட்டில் வரும் யாற்றின் இயல்பை நுணுகி நோக்கின், தோழியின் கருத்து அதனினும் ஆழமுடையது என்பது புலனாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

குறிஞ்சிப்பாட்டின் இறுதியில், தலைவன் வரும் வழியின் ஏதங்கள் பலவற்றைக் கபிலரே நிரல்படத் தொகுத்துரைக்கின்றார். இப்பாட்டிலோ யாறு ஒன்றே விரித்துரைக்கப்படுகின்றது. உதிர்ந்த மலர்கள் அதன் நீர்நிறத்தை மறைக்கின்றன. உயர்ந்த கற்களிடை மறித்துச் சுழலும் நீரில் கராம் துயில்கின்றது. மதங்கொண்ட யானையையும் அவ்வெள்ளம் ஈர்த்துச் செல்லும். 'நீத்தம்' என்னும் சொல்லே நீந்துதற்குரிய ஆழத்தைச் சுட்டி நிற்கின்றது.

பாறைகளிடை ஒடுங்கி ஓடும் யாறு மழை பெய்துழி அகலப் பரவ இயலாது, மேலெழும், விரையும். ஆழம் மாறாது அகலம் பாதியாயின் அதே நீர் இருமடங்கு விரைவுடன் செல்லும். விரைவு இருமடங்காயின் அது நீந்துவானைத் தாக்கும் விசை நான்மடங்காகும். யானை ஈர்க்கப்படுதல் வெற்றுயர்வு நவிற்சி அன்று. இத்தகைய நீரில் இறங்குவோன் ஆழத்தையும் மறைந்துள்ள பாறையையும் நீர்நிறங்கொண்டே உய்த்துணர்வான். ஆகலின் மலர்ப்பரப்பு ஈண்டு அழகுக்காகக் கூறப்பட்டதன்று. கண்ணை ஏமாற்றும் ஏதமாகவே கூறப்பட்டது. தலைவனுக்குப் பன்றி உவமையானதும் கருதத்தக்கது. யானை தோற்ற நீரை அஞ்சாது கடக்கும் அவனது துணிவைப் புகழும் அவ்வுவமையே, ஏதம் எண்ணாத அவனது போக்கையும் இடித்துரைக்கின்றது.

ஈண்டு ஒரு வினா எழும். யாமத்து இருளில் நீர்நிறம் எவ்வாறாயினும் தோன்றாது. அங்ஙனமாக, மலர்கள் அதனை மறைத்தலைத் தோழி கூறுவது எற்றுக்கு? அது பகலிலும் நீங்காத ஏதம் என்பதே எம் விடை. சுழியும் கராமும் வெள்ளமும் அவ்வாறே பகலிலும் உள்ளன. அவ்வாறாயின், பகலில் வருக என்னும் வேண்டுகோள் அவனைக் காப்பதன்று.

பகலில் வேறு துறை தேர்ந்து வரலாமே எனின், அதற்கும் பாட்டிலேயே மறுப்புண்டு. ஊறில்லாத வழியாயினும் அதிற் பலகால் செல்வோர் விரைவில் தவறுவர் என்கின்றாள் தோழி. அவனுக்கு ஒருநாள் துன்பம் நேரினும் மறுநாள் தலைவி உயிர்வாழாள் என்பதனையும் முன்னரே உரைத்துவிட்டாள். ஆகவே இரவு வரவு, பகல் வரவு, நல்வழி வரவு என்னும் மூன்றும் அவள் சொற்களாலேயே விலக்கப்படுகின்றன. எஞ்சி நிற்பது வரைவு ஒன்றே. அதனை அவள் வெளிப்பட மொழிந்திலள்.

எனவே, இப்பாட்டைப் பகற்குறி நேர்ந்த கூற்றாக மட்டும் கொள்ளாது, வரைவு கடாதலை உட்கொண்ட கூற்றாகக் கொள்ளுதலே பொருந்தும் என்பது எம் துணிபு. யாற்றின் வருணனையே அதற்குச் சான்று.