தந்தையின் பெயரால்: ஒரு படமும் ஒரு மேன்முறையீடும்

ஜிம் ஷெரிடனின் 'இன் த நேம் ஒஃப் த ஃபாதர்' (1993) படத்தை அண்மையில் திரும்பவும் பார்த்தேன். செய்யாத கொலைக்காகச் சிறையிருந்தவர்களின் கதை. முடிவில், சட்டத்தரணியாக வரும் எம்மா தொம்சன் பொலிசார் ஒளித்து வைத்த சாட்சியத்தைத் தூக்கிக் காட்டி மன்றையே அதிரவைக்கிறார். என் கண்ணும் கலங்கியது. ஆனால் அந்தக் கண்ணீர்தான் இப்போது உறுத்துகிறது.

நடந்தது வேறு. 1974 ஒக்டோபர் 5 இல் இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகர மதுச்சாலைகளில் குண்டு வெடித்து ஐவர் இறந்தனர். ஜெரி கொன்லன் உட்பட நால்வர், பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலங்களை வைத்தே 1975 இல் ஆயுட்தண்டனை பெற்றனர். பின்னர் வேறு வழக்கில் பிடிபட்ட ஐ.ஆர்.ஏ. உறுப்பினர்கள், அதைச் செய்தது தாங்களே என்றனர். 1977 இல் மேன்முறையீட்டு நீதிபதிகள் இதைக் கேட்டார்கள். கேட்டபின்னும், எல்லோரும் சேர்ந்தே செய்திருப்பார்கள் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். இங்கே உண்மை ஒளிந்திருக்கவில்லை. மன்றின் முன்னே வந்து நின்றது, மன்றுதான் நம்பவில்லை. படத்தில் இந்தக் காட்சி இல்லை.

துணைவழக்கொன்றில் சிறைப்பட்ட தகப்பன் ஜுசெப்பே 1980 இல் கைதியாகவே இறந்தார். தகப்பனும் மகனும் ஒரே அறையில் இருந்ததாகப் படம் சொல்வது கற்பனை. அதை மன்னிக்கலாம், பாசம் பொய்யில்லை. முடிவை மன்னிக்க முடியவில்லை. 1989 ஒக்டோபர் 19 இல், விசாரணைக் குறிப்புகளில் பொலிசார் கைவைத்தது தெரியவந்ததால், தண்டனையைத் தாங்கிப் பேச முடியாதென்று அரச தரப்பே ஒதுங்கிக்கொண்டது. தீர்ப்பு ரத்தானது. எம்மா தொம்சன் நடித்த கரத் பியர்ஸ் ஒரு சொலிசிற்றர். மன்றில் அப்படி வாதாடியவர் அல்லர்.

மேன்முறையீட்டு மன்று 'நீ கொலை செய்தாயா?' என்று கேட்பதில்லை. 'இந்தத் தீர்ப்பை நம்பியிருக்கலாமா?' என்றுதான் கேட்கும். அந்தச் சிறு கேள்விக்குப் பதில் வர நால்வருக்கும் பதினைந்து வருடம் போயிற்று.

அவர்களைத் தடுத்து வைத்தது 1974 இன் பயங்கரவாதத் தடைச்சட்டம். அதன் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்றிருந்தது. 1979 இல் இலங்கையில் வந்த சட்டமும் அதே பெயரைத்தான் சூடிக்கொண்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த வாக்குமூலத்தை அது சாட்சியமாக ஏற்றது. 1982 இல் நிரந்தரமும் ஆயிற்று. ஆகவே, நல்ல சட்டத்தரணி கிடைத்தால் உண்மை வெல்லும் என்ற ஆறுதலை எங்களுக்கு யாரும் தரவேண்டாம். நாங்கள் திரையில் பார்க்கவேண்டியிருந்தது 1977 ஐ.