வாங்கும் கையை யார் எழுதுவது?

வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் நடைபெறும் நூல் வெளியீட்டு விழாக்களுக்கு ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்வருவது எனது பல வருடப் பழக்கம். வரவேற்புரை, தலைமையுரை, நயவுரை எல்லாம் ஒருபுறமிருக்க, விழாவின் உச்சம் எப்போதும் முதற் பிரதி வழங்கும் கட்டம்தான். தனவந்தர் ஒருவர் மேடைக்கு அழைக்கப்படுவார். கடித உறை கைமாறும். கமெராக்கள் மின்னும். பின்னர் சிறப்புப் பிரதி பெறுவோரின் நீண்ட பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும்.

இதனை நான் கொச்சைப்படுத்த வரவில்லை. இந்நாட்டில் தமிழில் எழுதுகிறவன் பெரும்பாலும் தன் கைக்காசைப் போட்டுத்தான் நூலை அச்சிடுகிறான். அச்சகக் கடனில் ஒரு பகுதியை அன்று மாலையே அடைப்பது அந்தக் கடித உறைதான். புரவலர் ஹாசிம் உமர் அவர்களைக் குறிப்பிடாமல் இவ்விடயத்தைப் பேச முடியாது. எத்தனையோ நூல்களின் முதற் பிரதியை வாங்கியவர் அவர். அதனிலும் மேலாக நான் மதிப்பது, ‘புரவலர் புத்தகப் பூங்கா’ வாயிலாகப் புதியவர்களின் முதல் நூலை அவர் அச்சேற்றிக் கொடுத்ததையே. எனது குறை கொடுப்பவர்கள் மீதல்ல, எழுதுகிறவர்கள் மீது. மேடையில் கொடுப்பவரையே பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நாம் கதையும் எழுதுகிறோம்.

எமது ரமழான் சிறப்பிதழ்க் கதைகளை எடுத்துப் பாருங்கள். பெருநாளைக்கு முந்திய இரவு. விதவைத் தாய். அடுப்பில் உலை இல்லை. பிள்ளை புத்துடுப்புக் கேட்டு அழுது உறங்கிவிட்டது. கதவு தட்டப்படுகிறது. ஹாஜியார் அரிசி மூட்டையோடு நிற்கிறார். தாய் இரு கையேந்தி துஆக் கேட்கிறாள். முற்றும். ஊரும் பெயரும் மாறும், கதை மாறாது. கதவு தட்டப்பட்ட போது அவள் மனதில் என்ன ஓடியது? அந்த மூட்டை இறங்கியதை எத்தனை வீட்டு ஜன்னல்கள் பார்த்தன? மறுநாள் கிணற்றடியில் அவள் எந்த முகத்தோடு போய் நின்றாள்? இவை எதுவும் கதையில் இல்லை. அவளுடைய வறுமை ஹாஜியாரின் ஈர மனதைக் காட்டப் பிடித்த வெள்ளைத் திரை, அவ்வளவுதான்.

எமது மரபே வள்ளல் மரபுதானே என்று சிலர் வாதிடக்கூடும். சீதக்காதி வள்ளலைக் காட்டுவார்கள். செத்தும் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். வள்ளல் மறைந்த பின் கீழக்கரைக்கு வந்த புலவர் அடக்கத்தலத்தில் நின்று அழ, மோதிரத்தோடு கை வெளியே வந்ததாம். கர்ண பரம்பரைக் கதைதான் எனினும் அழகான கதை. ஆனால் அந்தப் புலவரை அவ்வளவு தூரம் நடக்க வைத்த பசி எது, வீட்டில் எத்தனை வாய்கள் காத்திருந்தன என்பதைக் கதை சொன்ன எவரும் சொல்லவில்லை.

எமது மரபு அவ்வளவுதானா? ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் சிறுபாணாற்றுப்படையைப் பரீட்சைக்காகவே படித்தேன். பின்னர் வகுப்பில் பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லும் போதுதான் அதன் துணிச்சல் புலப்பட்டது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் கொடையைப் புகழ எழுந்த நூல் அது. நத்தத்தனார் எங்களை அரசனின் மண்டபத்துக்கு மட்டுமன்றி ஓர் அடுக்களைக்கும் அழைத்துச் செல்கிறார். கூரை இற்று விழுந்த அடுக்களை. கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத மடியை இழுக்க, நோவு தாளாமல் குரைக்கும் தாய் நாய். மெலிந்த பெண்ணொருத்தி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி அவிக்கிறாள். பின்னர் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதனை உண்கிறாள். பழி பேசும் அயலார் பார்த்துவிடுவார்களே என்றுதான் அந்தக் கதவு அடைக்கப்படுகிறது.

எமது ரமழான் கதைகளிலும் கதவு இருக்கிறது. ஆனால் அது தட்டப்படுவதற்காக மட்டும் இருக்கிறது. வெட்கத்தினால் அடைக்கப்பட்ட கதவைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னுள்ள புலவனால் பார்க்க முடிந்தது. காரணமும் அந்நூலிலேயே உண்டு. ஆற்றுப்படையில் வழி சொல்கிறவன் தானே வாங்கியவன். வாங்கியவன், வாங்கப் போகிறவனோடு பேசுகிறான். வள்ளுவரும் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்கவில்லை. இரவுக்கு ஒன்று, இரவச்சத்துக்கு ஒன்று என இரப்பவனுக்கு இரண்டு அதிகாரங்களை ஒதுக்கினார்.

2020 மே 21 அன்று நோன்பு காலத்தில், கொரோனா முடக்கத்தால் அன்றாடக் கூலி நின்றிருந்த வேளையில், கொழும்பு மாளிகாவத்தையில் தனிப்பட்ட ஒருவர் பணம் பங்கிட்ட இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் மரணமானார்கள். கைதுகள் நடந்தன, கண்டனங்கள் வந்தன. அனுமதி பெறப்பட்டதா, ஸகாத்தைக் கூட்டாகச் சேகரித்துப் பங்கிடுவதா என்றெல்லாம் கட்டுரைகள் எழுதப்பட்டன. வேண்டியவைதான். ஆனால் அந்த வரிசைக்குள் நின்று எழுதப்பட்ட கதையொன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள், தெரிந்தவர் எவரேனும் வரிசையில் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்களா என்பதைக் கட்டுரையாளனால் எழுத முடியாது. அது கதாசிரியனின் வேலை.

கடல் கடந்து வரும் உதவிக்கும் இது பொருந்தும். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு உலகமே எமது கிழக்குக் கரைக்குக் கொடுத்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு வழங்குவது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கட்டி முடித்த வீடுகள் பல வருடங்கள் ஆளின்றிப் பற்றைக் காடாகிக் கிடந்தன. கொடுத்தவர் யார், எத்தனை வீடுகள் என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வாடகை அறையில் பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு ஒரு நாவல் எழுதலாம்.

எனது பாடசாலையில் நடந்த ஒன்று. அமைப்பொன்று அப்பியாசக் கொப்பிகளும் புத்தகப் பைகளும் கொண்டு வந்தது. பெயர் வேண்டாம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பதாகையோடு படம் எடுத்தார்கள். ஏழாம் தரத்துப் பையன் ஒருவன் கிடைத்த பையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். ஏன்டா என்று பிறகு கேட்டேன். “வெயில் சேர்” என்றான். படம் எடுத்ததோ மண்டபத்துக்குள்ளே.

படம் இல்லாவிட்டால் வெளிநாட்டு உபகாரிகள் கணக்கை ஏற்க மாட்டார்கள் என்று அந்த அமைப்பினர் சொன்னார்கள். கணக்கு வேண்டும்தான். அதற்குக் கையொப்பமிட்ட இடாப்புப் போதாதா? உஸ்மானியர் காலத்து இஸ்தான்பூலில் ஸதகாக் கல் என்ற தூண்கள் இருந்தன. உள்ளவர் அதன் மேற்குழியில் காசை வைத்துவிட்டுப் போவார், இல்லாதவர் வந்து தேவையான அளவு எடுத்துக்கொள்வார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. தர்மத்தை மறைத்துக் கொடுப்பதன் மேன்மையைச் சூறா பகராவில் ஓதுகின்ற நாம், கதை எழுதும் போது ஹாஜியாரை வெளிச்சத்திலேயே நிறுத்துகிறோம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வந்திறங்கியவர்களின் பிள்ளைகள் இன்று எழுதுகிறார்கள். உலருணவுக்காக வரிசையில் நின்ற அனுபவம் அவர்களிடம் உண்டு. என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனை விட அவர்கள் இதனை உண்மையாக எழுதுவார்கள்.

கொழும்புக்கு வந்த பின் டொமினிக் ஜீவா கொட்டாஞ்சேனைப் பக்கம் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து ‘மல்லிகை’யை நடத்தினார். 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சஞ்சிகை. அதனைத் தோளில் சுமந்து கையால் விற்றவர் அவர். ஒரு பிரதிக்கு ஒரு விலை. வாங்கியவர் புரவலருமல்லர், விற்றவர் இரவலருமல்லர். நூறு பேர் அவ்வாறு வாங்கினால் முதற் பிரதி உறைக்காக எந்த எழுத்தாளனும் மேடையில் கூனி நிற்க வேண்டியதில்லை. வெளியீட்டு விழாவில் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, நூலை வாங்காமல் பஸ்ஸைப் பிடிக்கும் எம்மவர்கள் இதனையும் யோசிக்கலாம்.

அடுத்த ரமழான் சிறப்பிதழுக்குக் கதை கேட்கும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். ஹாஜியார் கதவைத் தட்டும் கதைகளை ஒரே ஒரு வருடம் நிறுத்தி வையுங்கள். பக்கங்கள் நிரம்பாமல் போனால் வெற்றிடமாகவே விடுங்கள்.