ஓரக்கல்லின் அழகு

பேவர் பிளாக் பதித்த முற்றத்தைப் பார்த்தால் என் கண் நேரே ஓரத்துக்குத்தான் போகும். நடுவில் கிடப்பவை எல்லாம் அச்சில் வார்த்த முழுக்கற்கள். நூல் பிடித்து வரிசை தப்பாமல் அடுக்கினால் யார் பதித்தாலும் நன்றாகவே அமையும். காம்பவுண்ட் சுவரை ஒட்டிய கடைசி வரிசையிலும், தென்னையைச் சுற்றிய வளைவிலும், தண்ணீர்த் தொட்டி மூடியின் நாலு பக்கத்திலும்தான் கைவேலை தெரியும். அங்கே முழுக்கல் அமராது. பல வீடுகளில் அந்த இடைவெளியைச் சிமென்ட் கலவையால் பூசி முடித்துவிடுகிறார்கள். நாலு மழை பார்த்ததும் பூச்சு விரிசல் விடும், அடியிலிருக்கும் மணல் அரிக்கும், பக்கத்துக் கல் ஆடத் தொடங்கும். கல்லையே அளந்து வெட்டிப் பொருத்திய ஓரமோ தரையை இறுக்கிப் பிடித்து நிற்கும். அந்த வெட்டுதான் இந்த வேலையின் உச்சம்.

சூளைச் செங்கல் என்றால் கொத்தனார் கரண்டி விளிம்பால் ஒரு தட்டுத் தட்டி இரண்டாக்கிவிடுவார். பேவர் பிளாக் அப்படி மசியாது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 15658, லேசான வாகனம் போகும் இடத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்-35 தரமும் கேட்கிறது. ஒரு சதுர செ.மீ. பரப்பில் சுமார் 350 கிலோ அழுத்தத்தைத் தாங்கும் கல் அது. உள்ளே சிமென்டுக்கு நடுவே கருங்கல் சில்லுகள் இருக்கும். உளி வைத்து அடித்தால் வெடிப்பு அந்தச் சில்லுகளைச் சுற்றி வளைந்து ஓடும், மேல் விளிம்பு பிய்ந்துவிடும். நேர்கோடு வேண்டுமென்றால் அந்தச் சில்லுகளையும் குறுக்கே அறுத்துச் செல்லும் கருவி வேண்டும்.

அந்தக் கருவி இன்று இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது என்பதே எனக்குப் பெரிய அதிசயம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரம் செய்தது 1954இல். ஜெர்மனியின் ஆக்கர்மன் ஷ்மிட் நிறுவனம் உயர்வேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்ததும் அதே 1954இல். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நம் வாசலில் ஓடும் கட்டிங் மிஷின். 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுற்றும்போது அதன் விளிம்பு வினாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் ஓடுகிறது.

பிளேடின் விளிம்பில் பற்கள் கிடையாது. உலோகப் பொடியில் வைரத் துகள்களைக் கலந்து இறுக்கிய பட்டைதான் அங்கே இருக்கிறது. வெட்ட வெட்ட மேலே தெரியும் துகள் தேய்ந்து உதிரும், அதைப் பிடித்திருந்த உலோகமும் தேயும், அடியிலிருந்து புதுத் துகள் தலைகாட்டும். ஆகவே மணல் மிகுந்து அரிக்கும் கல்லுக்குக் கெட்டியான உலோகப் பிடிப்பும், கடினமான கல்லுக்கு மென்மையான பிடிப்பும் பொருந்தும். கடினக் கல்லில் பொருந்தாத பிளேடை ஓட்டினால் உலோகம் தேயாது, மேலிருக்கும் வைரம் மட்டும் மழுங்கி வழவழப்பாகிவிடும். பிளேடு வழுக்கும், சூடேறும், வெட்டு நகராது. அப்போது பிளேடைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மணல் மிகுந்த சிமென்ட் கல்லிலோ சாதாரணச் செங்கல்லிலோ நாலைந்து முறை இழுத்தால் உலோகம் அரிபட்டுப் புது வைரம் வெளிவரும். அடுத்த வெட்டிலேயே பழைய வேகம் திரும்பும்.

சின்ன மிஷினின் பிளேடு சுமார் 30 மி.மீ. ஆழம்தான் இறங்கும். 60 மி.மீ. கல்லை ஒரே இழுப்பில் அறுக்க அதனால் முடியாது. நல்ல கைக்காரர் அதைக் குறையாக நினைப்பதில்லை. மூலமட்டம் வைத்துக் கல்லின் நாலு பக்கமும் கோடு போடுவார். முதல் ஓட்டம் இரண்டு மூன்று மி.மீ. ஆழம் போதும், அந்தப் பள்ளமே அடுத்த ஓட்டங்களுக்கு வழி காட்டும். பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எட்டு, பத்து மி.மீ. காது மோட்டாரின் சத்தத்தில் இருக்கும். சுருதி இறங்கினால் அழுத்தம் அதிகம், கை தளர வேண்டும். இடையிடையே பிளேடை வெளியே எடுத்துச் சும்மா ஓடவிட்டால் சூடு தணியும். மேலிருந்தும் அடியிலிருந்தும் வெட்டியபின் நடுவே மெல்லிய பட்டை மிஞ்சும். சுத்தியால் ஒரு தட்டு, கல் பிரிந்துவிடும்.

நுணுக்கம் இன்னும் இருக்கிறது. அடிப்பக்கக் கோட்டை இரண்டு மி.மீ. உள்ளே தள்ளிப் போட்டால், அடிப்பகுதி சுவரில் இடிக்காமல் மேல் விளிம்பு மட்டும் நெருங்கி வந்து அமரும். மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய துண்டை ஓரத்தில் வைக்கக் கூடாது. சக்கரம் ஏறினால் பெயர்ந்துவிடும். அத்தகைய இடத்தில் முந்தைய கல்லையும் சேர்த்து வெட்டி இரண்டு நடுத்தரத் துண்டுகளாக்குவதே தேர்ந்த வேலை. வளைவுக்குப் பிளேடைப் பள்ளத்துக்குள் திருப்பவே கூடாது. சிக்கினால் மிஷின் எகிறும். சின்னச் சின்ன நேர்வெட்டுகளாகச் செதுக்கித்தான் தென்னையின் வட்டத்தைக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு அழகுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கல்லின் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி, குணமாகாத சிலிக்கோசிஸ் நோயைத் தரும். தண்ணீர்க் குழாய் பொருத்தும் வசதியுள்ள மார்பிள் கட்டரானால் தண்ணீர் விட்டபடி வெட்டலாம். அந்த இணைப்பில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். சாதாரணக் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கல்லை முன்பே ஊறப்போட்டு, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி வெட்டுங்கள். என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பும் எப்போதும் வேண்டும். பெரிய பிளேடு மாட்டுவதற்காகப் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

அடுத்த முறை உங்கள் வாசலில் பேவர் பிளாக் பதிக்கும்போது, ஓரத்தைப் பூசி மூட வேண்டாம், கல்லை வெட்டிப் பொருத்துங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். கூலி கூடக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அந்த வேலை அதற்குத் தகுதியானது. நாலு கல்தான் வெட்ட வேண்டும் என்றால் நீங்களே அவசரப்படாமல் வெட்டிப் பாருங்கள்.